கியூபாவின் பழைய பேஸ்பால் பொருட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூஜெர்சியில் நான் இருக்கும் பகுதியில் கியூபாக்காரர்கள் அதிகம். அவர்கள் வீட்டு அலமாரிகளிலும் ஞாயிற்றுக்கிழமைப் பழம்பொருள் சந்தைகளிலும் பார்த்துப் பழகித்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பேஸ்பால் அட்டை சேகரிக்கும் நம்மூர் நண்பர்கள் சிலர் கியூபா பக்கம் திரும்பும்போதெல்லாம் போன் போட்டு ஒரே மாதிரியான சந்தேகங்களைக் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பேஸ்பால் அமெரிக்க ஆட்டம்தானே? கியூபா எங்கே வந்தது?

அமெரிக்காவில் படிக்கப்போன கியூபா மாணவர்கள் 1860களில் மட்டையும் பந்துமாகத் திரும்பி வந்தார்கள். 1868இல் தலைநகர் ஹவானாவில் ஹபானா கிளப் உருவானது. 1874 டிசம்பர் 27 அன்று மத்தான்சாஸ் நகரின் பல்மார் தே ஹுன்கோ மைதானத்தில் ஹபானா அணி உள்ளூர் அணியை 51க்கு 9 என்று வென்றது. 1878இல் தொழில்முறை லீக் தொடங்கியது. அமெரிக்காவின் நேஷனல் லீகைவிட இரண்டே வயது இளையது இது. அப்போது கியூபா ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. காளைச் சண்டை எஜமானர்களுடைய ஆட்டம், பேஸ்பால் எங்களுடையது என்று அங்குள்ள இளைஞர்கள் நினைத்தார்கள்.

ஆக, நாம் தேடும் பொருட்களுக்குப் பின்னால் எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு லீக் இருக்கிறது. குளிர்காலத்தில் நடந்த லீக் அது. கோடையில் அமெரிக்காவில் ஆடியவர்கள் பலர் குளிருக்கு ஹவானா வந்து ஆடினார்கள். சேகரிப்பில் பாதி சுவாரசியம் இதிலிருந்துதான் வருகிறது.

"பழையது" என்று எதுவரைக்கும் சொல்லலாம்?

1961 என்று கோடு போட்டுவிடலாம். புரட்சி அரசு அந்த ஆண்டு தொழில்முறை விளையாட்டை ஒழித்தது. 1960-61 பருவம்தான் பழைய லீகின் கடைசி. 1962 ஜனவரியில் அமெச்சூர் அடிப்படையிலான தேசியத் தொடர் ஆரம்பித்தது. அணிகள், பெயர்கள், விளம்பரங்கள், தயாரிப்பாளர்கள் எல்லாமே மாறிப்போயின. பொருளைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது இது 1961க்கு முன்னா, பின்னா என்பதுதான். பாதி அடையாளம் அதிலேயே முடிந்துவிடும்.

என்னென்ன பொருட்கள் கிடைக்கும்? நான் எதில் ஆரம்பிக்கட்டும்?

சிகரெட்டோடு வந்த சிறு படங்கள், மிட்டாயோடு வந்த ஒட்டும் படங்கள், அவற்றுக்கான ஆல்பங்கள், ஆட்ட நிகழ்ச்சிநிரல் புத்தகங்கள், பத்திரிகைப் புகைப்படங்கள், கம்பளித்துணிக் கொடிகள், சட்டைப் பொத்தான்கள், டிக்கெட்டுகள், கையெழுத்திட்ட பந்துகள், சீருடைகள். பொதெகா என்ற மூலைக்கடைகளில் மாட்டிய விளம்பர அட்டைகளும் காலண்டர்களும்கூட உண்டு.

என்னைக் கேட்டால் 1940, 50களின் நிகழ்ச்சிநிரல் புத்தகம் ஒன்றை வாங்கி ஆரம்பியுங்கள். விலை தாங்கும், போலி குறைவு. ஒரே புத்தகத்தில் அணிப் பட்டியல், விளம்பரங்கள், மைதானத்தின் பெயர், அச்சகத்தின் பெயர் எல்லாம் இருக்கும். மற்றதை அடையாளம் காண அதுவே பாடப்புத்தகம். எடுத்த எடுப்பில் 1920களின் சிகரெட் படத்துக்குப் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

சிகரெட் படங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அவை எவை?

கியூபாவில் இந்தச் சிறு படங்களுக்குப் போஸ்தலிதா என்று பெயர். 1909ஐ ஒட்டிய ஆண்டுகளில் கபானியாஸ், பஞ்ச் போன்ற புகையிலைப் பெயர்களோடு வந்தவை மிக அரிது. சேகரிப்பாளர்கள் அதிகம் பேசுவது 1923 முதல் 1925 வரை வந்தவற்றைப் பற்றி: பில்லிகென், தொமாஸ் குத்தியெரெஸ், அகிலிதாஸ், தியாஸ். பில்லிகென் தொடரில் 60 படங்கள். அகிலிதாஸ் தொடர் பெரியது. நடிகர்கள், குத்துச்சண்டைக்காரர்கள் என்று பலரும் ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் பேஸ்பால்காரர்கள் கடைசிப் பகுதியில்தான் வருவார்கள். அதனால் அவர்கள் படத்தில் எண் எண்ணூறைத் தாண்டியிருக்கும். "என்னிடம் 850ஆம் எண் இருக்கிறது, அப்படியானால் எண்ணூறு பேஸ்பால் அட்டைகளா?" என்று பயப்பட வேண்டாம்.

அந்த 1923-24 பருவத்துக்கே ஒரு தனி மவுசு உண்டு. சாந்தா கிளாரா அணி அந்த முறை மற்றவர்களை எங்கோ பின்னால் விட்டுவிட்டுப் பட்டம் வென்றது. ஆஸ்கர் சார்ல்ஸ்டன், ஆலிவர் மார்செல், ஹோசே மெந்தெஸ் என்று அதில் இருந்தவர்களைப் பார்த்தால் இன்றும் மூச்சு முட்டும்.

ஒரு சின்னக் காகிதத்துக்கு ஏன் இவ்வளவு விலை?

கியூபா லீக் 1900லிருந்தே கறுப்பின வீரர்களைச் சேர்த்துக்கொண்டது. அமெரிக்காவின் உச்சநிலை லீகான மேஜர் லீகில் அந்தக் கதவு 1947 வரை மூடியே இருந்தது. அமெரிக்க அட்டை நிறுவனங்களும் கறுப்பின வீரர்களைக் கண்டுகொள்ளவில்லை. சார்ல்ஸ்டன், ஜான் ஹென்றி லாய்ட் போன்ற மாபெரும் ஆட்டக்காரர்கள் ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்கள் படம் அச்சானது பெரும்பாலும் ஹவானாவில்தான். சொந்த நாடு அச்சடிக்காத முகத்தைக் கியூபா சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. இன்று அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் டாலர் கொடுத்து அதைத் தேடுகிறார்கள்.

கியூபாக்காரர்களின் படங்களுக்கும் இதே கதைதான். மெந்தெஸ் 1908இல் ஹவானா வந்த சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்கு எதிராகத் தொடர்ந்து 25 இன்னிங்ஸ் ஓட்டமே கொடுக்கவில்லை. கிறிஸ்தோபல் தொரியென்தே 1920இல் அமெரிக்க நட்சத்திரம் பேப் ரூத் எதிரணியில் இருந்த ஆட்டத்திலேயே மூன்று ஹோம் ரன் அடித்தார். இருவருமே தோல் நிறத்தால் மேஜர் லீகுக்குள் போக முடியவில்லை. கூப்பர்ஸ்டவுனில் உள்ள பேஸ்பால் புகழ்மாடத்தில் 2006இல்தான் இடம் கிடைத்தது. வெள்ளையராகக் கருதப்பட்ட அதோல்ஃபோ லூகேயோ உள்ளே போனார். 1923இல் சின்சினாட்டிக்காக 27 ஆட்டங்களை வென்றார்.

மிட்டாய்ப் படங்கள் எப்படி இருக்கும்?

1940களில் சிகரெட்டின் இடத்தை மிட்டாய் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் மொந்தியெல் நிறுவனம் "விளையாட்டின் மன்னர்கள்" என்ற பொருளில் 180 படங்களை வெளியிட்டது. பேஸ்பாலோடு பிற விளையாட்டு வீரர்களும் இருந்தார்கள். 1945-46இல் வந்த கராமெலோ தெபோர்த்திவோ தொடரில் 100 படங்கள், எல்லாம் கியூபா லீக்காரர்கள். நம்மூரில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் படங்களை ஆல்பத்தில் ஒட்டினோமே, அதே வேலைதான்.

காகிதம் மெல்லிசு. வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து மங்கலாகத் தெரியும். கனமான அட்டையில் ஒரு கராமெலோ படம் வந்தால் உடனே சந்தேகப்படுங்கள். ஒன்று, யாரோ பிற்காலத்தில் அட்டையில் ஒட்டியிருக்கிறார்கள். இல்லையென்றால் மறுபதிப்பு.

படத்தின் பின்னால் பசை, கிழிசல். விற்பவர் "சேதம் இல்லை" என்கிறார். நம்பலாமா?

"சேதம் இல்லை" என்பதை நம்ப வேண்டாம், ஆனால் படத்தை நம்பலாம். இவை ஒட்டுவதற்காகவே செய்யப்பட்டவை. சின்னப்பையன்கள் மாவுப்பசையில் ஒட்டினார்கள். பிற்காலத்தில் யாரோ பிய்த்து எடுத்தார்கள். பின்புறத்தில் ஆல்பக் காகிதத்தின் ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருப்பது, எழுத்துப் பாதி உரிந்திருப்பது எல்லாம் சகஜம். அமெரிக்க அட்டைகளைச் சேகரித்துப் பழகியவர்களுக்கு இது முதலில் ஜீரணமாகாது.

எனக்கு உறுத்துவது நேர்மாறானது. நான்கு மூலையும் கூர்மையாக, பின்பக்கம் பளிச்சென்று, பழுப்பு மட்டும் ஒரே சீராகப் பூசினாற்போல இருந்தால் அது தேநீரில் நனைத்த மறுபதிப்பாக இருக்கலாம். காலத்தின் பழுப்பு ஓரத்தில் அதிகமாகவும் நடுவில் குறைவாகவும் இருக்கும். ஒட்டாமல் தப்பித்த நல்ல படங்களும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றுக்கு வேறு சோதனைகள் தேவை, கீழே சொல்கிறேன்.

படத்தில் இருக்கும் பெயரை எந்தப் பட்டியலிலும் காணோமே?

கியூபாக்காரர்கள் பட்டப்பெயரில் வாழ்ந்தவர்கள். எஸ்தேபன் மோந்தால்வோ படத்தில் "மயாரி" என்று இருக்கும். லாய்டை "குச்சாரா", அதாவது கரண்டி, என்றார்கள், மண்ணோடு சேர்த்துப் பந்தை வாரி எடுக்கும் கைக்காக. அமெரிக்கா "மின்னி" என்று அழைத்த மின்யோசோ அங்கே ஒரெஸ்தெஸ் மின்யோசோ. அமெரிக்கர்களின் பெயர்களை ஹவானா அச்சகங்கள் காதில் விழுந்தபடி கோத்தன. எழுத்துப்பிழை இருப்பதாலேயே போலி என்று தள்ளிவிடாதீர்கள். அசல் தொடரிலேயே அந்தப் பிழை இருக்கிறதா என்று வேறொரு பிரதியோடு ஒப்பிடுங்கள். அசலில் பிழையிருந்து உங்கள் படத்தில் மட்டும் திருத்தமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

"கியூபன் ஜயன்ட்ஸ்" புகைப்படம் ஒன்று வந்திருக்கிறது. கியூபாவின் பழைய அணிதானே?

இல்லை. 1885இல் நியூயார்க் பக்கம் உருவான, கறுப்பின அமெரிக்கர்களின் முதல் தொழில்முறை அணி அது. கியூபாக்காரர்கள் யாரும் அந்த அணியில் இல்லை. பிறகு வந்த கியூபன் எக்ஸ்-ஜயன்ட்ஸும் அப்படித்தான். "கியூபன் ஸ்டார்ஸ்", "நியூயார்க் கியூபன்ஸ்" என்ற பெயர்களில் உண்மையான கியூபா வீரர்கள் இருந்தார்கள். ஆனால் அவை அமெரிக்காவின் நீக்ரோ லீக், அதாவது கறுப்பின வீரர்களுக்கென்று தனியாக நடந்த லீக், அணிகள். கியூபாவின் மாபெரும் ஆட்டக்காரர் மார்ட்டின் திகோ நியூயார்க் கியூபன்ஸில் ஆடினார். அந்தப் பொருள் கியூபா வரலாற்றோடு சேரும், கியூபா லீகோடு சேராது.

1946 முதல் 1953 வரை ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் லீகில் ஆடிய ஹவானா கியூபன்ஸும் அதற்குப் பின் வந்த ஹவானா ஷுகர் கிங்ஸும் இன்னொரு வகை. கியூபாவில் இருந்துகொண்டு, மேஜர் லீகுக்கு அடுத்த நிலையிலுள்ள அமெரிக்க மைனர் லீகுகளில் ஆடியவை. ஷுகர் கிங்ஸ் 1959இல் ஜூனியர் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. 1960 ஜூலையில், பருவத்தின் நடுவிலேயே, அணியை ஜெர்சி சிட்டிக்கு மாற்றிவிட்டார்கள். இன்று நம் மக்கள் அத்தனை பேர் வீடு பிடித்திருக்கும் அதே ஜெர்சி சிட்டிதான். அதனால் 1960ஆம் ஆண்டுப் பொருளில் எந்த ஊர்ப் பெயர் இருக்கிறது என்று கவனியுங்கள்.

ஜாஷ் கிப்சனின் கியூபா அட்டை ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது, எடுக்கலாமா?

நீக்ரோ லீகின் பெரும் ஆட்டக்காரர் ஜாஷ் கிப்சனுக்கென்று பெரிய தொகைக்குப் பேசப்படும் அட்டை தொலெத்தெரோஸ் தொடரைச் சேர்ந்தது. அது புவேர்த்தோ ரீக்கோவில் வந்தது. அதுவும் 1950-51இல், அவர் 1947 ஜனவரியில் இறந்த பிறகு. ஸ்பானிய எழுத்து, வெப்பமண்டல மைதானம், மெல்லிய காகிதம் என்று எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால் விற்பவர்கள் கியூபா என்று போட்டுவிடுகிறார்கள். பலருக்கு வேறுபாடு தெரியாது, சிலருக்கு நன்றாகவே தெரியும்.

கிப்சன் 1930களின் பிற்பகுதியில் கியூபாவிலும் ஆடினார், அதனால் அவர் இருக்கும் கியூபா அணிப் புகைப்படம் சாத்தியம்தான். அட்டை என்று வந்தால் முதலில் அணியின் பெயரைப் படியுங்கள். சந்துர்சே, பொன்செ, மயாகுவெஸ் என்று இருந்தால் புவேர்த்தோ ரீக்கோ.

நிகழ்ச்சிநிரல் புத்தகத்தில் வருஷமே போடவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

இது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. முதலில் மைதானத்தைப் பாருங்கள். லா த்ரோப்பிகால் மதுபான ஆலையின் மைதானம் 1930 வாக்கில் வந்தது, 1946 வரை லீக் அங்கேதான். 1946 அக்டோபரில் எல் செர்ரோ பகுதியில் கிரான் ஸ்டேடியம் திறந்தார்கள். அதே அரங்குக்குப் புரட்சிக்குப் பிறகு லத்தீனோஅமெரிக்கானோ என்று பெயர் மாறியது. "1952 நிகழ்ச்சிநிரல்" என்று சொல்லி உள்ளே லத்தீனோஅமெரிக்கானோ என்று இருந்தால் மூடி வைத்துவிடலாம்.

அடுத்து அணிகள். ஹபானா சிங்கம், சிவப்பு. அல்மெந்தாரெஸ் தேள், நீலம். சியென்ஃபுயேகோஸ் யானை, பச்சை. மரியானாவோ புலி. இந்த நால்வர் கூட்டணி 1943-44 முதல் லீகின் கடைசிவரை நீடித்தது. சாந்தா கிளாராவின் சிறுத்தை தெரிந்தால் அதற்கும் முந்தையது. "யானை மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நசுக்கிவிடும்" என்ற வாசகம் அச்சாகியிருந்தால் சியென்ஃபுயேகோஸ் ரசிகர் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. கரீபியன் சீரிஸ் என்று இருந்தால் 1949க்கு முன் போக முடியாது, அந்தத் தொடரே 1949இல் ஹவானாவில்தான் ஆரம்பித்தது.

கடைசியாக விளம்பரங்கள். ஆத்துவே, போலார், கிறிஸ்தால் பீர், அமெரிக்க சவர பிளேடு, அமெரிக்கக் குளிர்பானம் என்று பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். 1960இல் அமெரிக்க நிறுவனங்களை அரசுடைமை ஆக்கிய பிறகு இவை மறைந்துவிடுகின்றன. இவ்வளவுக்கும் பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் மிச்சமிருந்தால், அணிப் பட்டியலில் ஒரே பருவம் மட்டும் வந்துபோன அமெரிக்கர் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். ப்ரூக்ஸ் ராபின்சன் சியென்ஃபுயேகோஸில் இருந்தால் 1957-58. ஜிம் பன்னிங் மரியானாவோவில் இருந்தால் 1956-57. ஒரு பெயர் போதும், பூட்டுத் திறந்துவிடும்.

அசலா, பிரதியா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

இரண்டு கருவிகள் போதும்: பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப், ஒரு புற ஊதா டார்ச். பழைய அச்சுப் படத்தை லூப்பில் பார்த்தால் ஒழுங்கான புள்ளி வரிசை தெரியும். எழுத்துகளும் எல்லைக் கோடுகளும் மட்டும் புள்ளியில்லாமல் திடமாக இருக்கும். மறுபதிப்பில் முழு அட்டையையும் ஸ்கேன் செய்திருப்பார்கள், எழுத்தே புள்ளிகளாக உடைந்திருக்கும். இன்க்ஜெட் என்றால் நீலம், செந்நீலம், மஞ்சள் எல்லாம் தூறல்போல் சிதறியிருக்கும். புகைப்படத் தாளிலேயே எடுத்த படங்களில் புள்ளியே இருக்கக் கூடாது.

டார்ச்சை இருட்டில் அடியுங்கள். 1940களின் பிற்பகுதியிலிருந்துதான் காகிதத்தில் வெண்மைக்காக ஒளிரும் வேதிப்பொருள் சேர்க்கத் தொடங்கினார்கள். 1923ஆம் ஆண்டுப் படம் நீலவெள்ளையாக ஜொலித்தால் கதை முடிந்தது. ஜொலிக்கவில்லை என்பதற்காகப் பழையது என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வேதிப்பொருள் இல்லாத காகிதம் இன்றும் கிடைக்கிறது, பழைய புத்தகத்தின் வெற்றுப் பக்கத்திலும் அச்சடிக்கலாம்.

பழைய புகைப்படங்களுக்கு வேறு சோதனை உண்டா?

சாய்த்துப் பாருங்கள். பழைய வெள்ளி உப்புப் புகைப்படங்களில் கறுத்த பகுதிகளின் ஓரத்தில் நீலம் கலந்த உலோக மினுமினுப்பு படர்ந்திருக்கும். வெள்ளி மேலே கிளம்பி வருவதால் ஏற்படுவது. இதைப் போலியாகச் செய்வது கடினம். பின்பக்க முத்திரையும் முக்கியம். பத்திரிகை அலுவலக முத்திரை, தேதி, ஒட்டிய தலைப்புத்தாள் இருந்தால் மதிப்புக் கூடும்.

1920இல் ஜான் மெக்ராவின் ஜயன்ட்ஸோடு வந்த பேப் ரூத், 1947 வசந்தத்தில் ஹவானாவில் பயிற்சி எடுத்த ப்ரூக்ளின் டாட்ஜர்ஸ், மான்ட்ரியல் அணிக்காரராக அங்கே இருந்த ஜாக்கி ராபின்சன் ஆகியோரின் படங்கள் பிற்காலத்தில் திரும்பத் திரும்பப் பிரதி எடுக்கப்பட்டவை. காட்சி பழையது, தாள் புதியது. காசு தாளுக்குத்தான்.

திகோ கையெழுத்துப் போட்ட பந்து, சான்றிதழோடு இருக்கிறது. சரிதானே?

சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு மையைப் பாருங்கள். பால்பாயின்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்ததே 1945 அக்டோபரில். மெந்தெஸ் 1928இலும் தொரியென்தே 1938இலும் இறந்துவிட்டார்கள். இவர்கள் கையெழுத்து பால்பாயின்டில் இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. லூகே 1957 வரை இருந்தார், திகோ 1971 வரை இருந்தார். அதனால் அவர்களுக்கு மை மட்டும் போதாது, எழுத்தின் போக்கை வேறு உறுதியான மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும்.

எளிதாகக் கிடைக்கும் நல்ல கையெழுத்து வேண்டுமென்றால் கொன்ராதோ மர்ரெரோ. வாஷிங்டன் அணிக்கு ஆடிய அந்தச் சுருட்டுப் பிரியர் 2014இல், 103ஆவது பிறந்தநாளுக்கு இரண்டே நாள் முன்பு, ஹவானாவில் காலமானார்.

ஃபிடல் காஸ்ட்ரோ மேஜர் லீகுக்குத் தேர்வானவராமே? அவர் கையெழுத்துப் பந்து வாங்கலாமா?

தேர்வானார் என்பது கட்டுக்கதை. எந்த மேஜர் லீக் அணியும் அவரை ஒப்பந்தம் செய்ய வரவில்லை. ஆசையாக ஆடினார், அவ்வளவுதான். 1959 ஜூலை 24 அன்று கிரான் ஸ்டேடியத்தில் "பர்புதோஸ்", அதாவது தாடிக்காரர்கள், என்ற அணிக்காகப் பந்து வீசினார். புரட்சித் தளபதி காமிலோ சியென்ஃபுயேகோஸ் (அணியின் பெயரல்ல, ஆளின் பெயர்) எதிரணியில் ஆட மறுத்து, பேஸ்பாலில்கூட ஃபிடலுக்கு எதிராக நிற்க மாட்டேன் என்றாராம். அந்த மாலையின் அசல் பத்திரிகைப் புகைப்படம் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள்.

கையெழுத்துப் பந்து வேறு விஷயம். இந்தத் துறையிலேயே அதிகம் போலி செய்யப்படுவது அதுதான் என்பது என் எண்ணம். யாரிடம், எப்போது, எந்த நிகழ்ச்சியில் வாங்கியது என்று புகைப்படத்தோடு காட்ட முடியாதவரிடம் நான் வாங்க மாட்டேன்.

அல்மெந்தாரெஸ் ஜெர்சி, கம்பளித் துணி, அழுக்கு, ஒட்டு எல்லாம் இருக்கிறது. அசல் மாதிரியே இருக்கிறதே?

மாதிரி செய்வதற்கென்றே நல்ல நிறுவனங்கள் இருக்கின்றன. பழைய கியூபா அணிகளின் கம்பளிச் சட்டைகளையும் தொப்பிகளையும் நேர்மையாக, தங்கள் லேபிளோடு, தைத்து விற்கிறார்கள். நானே ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். பிரச்சினை, அந்த லேபிளைப் பிரித்துவிட்டுப் பழையது என்று இன்னொருவர் விற்கும்போது வருகிறது. கழுத்துப் பட்டியின் உள்பக்கம் லேபிள் இருந்த இடத்தில் தையல் ஓட்டைகள் தெரிகின்றனவா, நூல் புற ஊதாவில் ஜொலிக்கிறதா என்று பாருங்கள். அசலாக ஆடியவர்களின் சட்டையில் தேய்மானம் தோளிலும் அக்குளிலும் இடுப்புப் பட்டை உரசும் இடத்திலும் இருக்கும். நெஞ்சில் மட்டும் அழுக்கு இருந்தால் கையால் பூசியது. கியூபா லீகின் அசல் சீருடைகள் மிக மிகக் குறைவு. சந்தையில் மலிவாக வராது.

1961க்குப் பிறகு வந்தவற்றுக்கு மதிப்பே இல்லையா?

உண்டு, விலைதான் குறைவு. இந்துஸ்த்ரியாலெஸ் அணியின் ஆரம்ப ஆண்டுப் பொருட்கள், பாத்தோஸ் என்ற அரசுத் தயாரிப்புக் கையுறைகளும் பந்துகளும், பழைய சுவரொட்டிகள், 1999இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் ஹவானா வந்த ஆட்டத்தின் டிக்கெட். விளம்பரமே இல்லாத அந்தச் சுவரொட்டிகளின் வடிவமைப்பு எனக்கு 50களின் நிகழ்ச்சிநிரல்களைவிட அழகாகத் தோன்றும். இதைச் சொன்னால் என் பகுதிக் கியூபாப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

கிரேடிங்குக்கு அனுப்பலாமா?

அட்டையைச் சோதித்துத் தரத்துக்கு எண் கொடுத்து உறையிட்டுத் தரும் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்களின் உறைக்குள் போனால் அசல் என்ற உறுதி கிடைக்கும், விற்பதும் சுலபம். ஆனால் எண்ணைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். பசை, கிழிசல் காரணமாகக் கியூபாப் படங்களுக்கு 1 என்ற தரம் கிடைப்பது சர்வ சாதாரணம். 1920களின் அரிய படத்துக்குக் கட்டணம் தகும். பத்து டாலர் கராமெலோ படத்துக்கு அனுப்புவது பணத்துக்குக் கேடு.

நேரே ஹவானாவுக்கே போய் வாங்கி வரலாமா?

போகலாம், பார்க் சென்ட்ரலில் நாள் முழுக்க பேஸ்பால் சண்டை போடும் கூட்டத்தைப் பார்க்கவாவது போக வேண்டும். வாங்கும்போது இரண்டு சட்டங்களை நினைவில் வையுங்கள். ஒன்று கியூபாவுடையது. கலாச்சாரச் சொத்தாகக் கருதப்படும் பழைய பொருளை வெளியே கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும். 1977இலிருந்தே இதற்குச் சட்டம் இருக்கிறது, விமான நிலையத்தில் பறிமுதல் ஆகலாம். இன்னொன்று அமெரிக்காவுடையது. கியூபாவோடு வணிகம் செய்வதைத் தடுக்கும் சட்டத்தில் புத்தகம், புகைப்படம், சுவரொட்டி போன்ற தகவல் சார்ந்தவற்றுக்கு 1988இலிருந்து விலக்கு உண்டு. சட்டை, பந்து, கையுறைக்கு அந்த விலக்கை எதிர்பார்க்காதீர்கள். பயணத்துக்கு முன் அன்றைய விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருந்துகொண்டு இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைத் தொல்லை: பணம் அனுப்பும்போது குறிப்பில் "கியூபா" என்று எழுதினாலே சில அமெரிக்கப் பணப் பரிமாற்றச் சேவைகள் நிறுத்தி வைத்துவிடும்.

வாங்கியாச்சு. எப்படி வைப்பது?

மைலார் என்ற பாலியெஸ்டர் உறை, அமிலமில்லாத அட்டை, இருட்டு. பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்துப் படத்தைத் தின்றுவிடும். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் ஈரப்பதம்தான் எதிரி. சிலிகா ஜெல் போட்ட மூடிய பெட்டியில் வைத்து ஜெல்லை அவ்வப்போது மாற்றுங்கள். பின்பக்கப் பசையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புகைப்படத் தாள் என்றால் மேல்படலம் வழுக்கிக்கொண்டே வந்துவிடும்.

நூறு படமும் ஒட்டிய முழு ஆல்பம் கிடைத்திருக்கிறது. மின்யோசோ படத்தை மட்டும் பிய்த்து விற்றால் ஆல்பத்தின் விலையே வந்துவிடும் போலிருக்கிறதே?

சில சமயம் கணக்கு அப்படித்தான் வரும், மறுக்கவில்லை. ஆனால் பிய்க்கும்போது மெல்லிய காகிதம் கிழிய நல்ல வாய்ப்பு இருக்கிறது. கிழிந்தால் இரண்டும் போச்சு. முழு ஆல்பங்கள் குறைந்துகொண்டே வருவதும் இந்தக் கணக்கால்தான். 1959க்குப் பிறகு நாட்டைவிட்டுக் கிளம்பிய குடும்பங்கள் ஒரு பெட்டியோடு வந்தன. அதில் ஆல்பத்துக்கு இடம் கொடுத்தவர்கள் மிகச் சிலர்.

ஆல்பத்தின் அட்டையில் அதை வைத்திருந்த பையனின் பெயரும் தெருவும் பென்சிலில் எழுதியிருக்கும், விடுபட்ட எண்களின் பட்டியல்கூட ஓரத்தில் இருக்கும். படங்கள் எல்லாம் ஒரே பருவத்தில் சேர்ந்தவை என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. அப்படியே விற்றால் கொஞ்சம் குறைவாக வரலாம். நான் அப்படியே விற்கத்தான் சொல்வேன், மின்யோசோ பக்கத்தைத் திறந்த நிலையில் நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் போட்டு.